கந்தகம் என்றால் அகழி

(மேட்டுச்சீமைக் கதை – 17)

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். ஊருக்கு மேற்கே நீளமாக ஒரு மேடு, அதை ஒட்டினாற்போல் பள்ளம், பள்ளத்தில் ராகி. மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இது என்ன மேடுங்க ஐயா?" என்று கேட்டேன்.

"கோட்டே மேடு சார். முன்ன இங்க சுத்திலும் கந்தகம் இருந்துச்சு."

ஐதரும் திப்புவும் ராக்கெட் விட்ட சீமை ஆயிற்றே என்று என் புத்தி ஓடியது. நோட்டில் 'கந்தகம் – வெடிமருந்துக் கிடங்கு?' என்று எழுதிக் கேள்விக்குறியை அழுத்திப் போட்டேன். பெரியவர் எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். "மருந்து இல்ல சார். பள்ளம். தண்ணி நிக்கிற பள்ளம்" என்று கைக்கோலால் தரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

ஓசூர்ப் பக்கத்து ஆட்களின் பேச்சு தமிழில் கிளம்பி, தெலுங்கில் ஒரு வளைவு வளைந்து, கன்னடத்தில் போய் நிற்கும். கன்னடத்தில் 'கந்தக' என்றால் அகழி. தெலுங்கிலும் அப்படியே. சொல்லின் பிறந்த வீடு பாரசீகம். அரபிக்குப் போய் 'கந்தக்' ஆனது. கி.பி. 627ல் மதீனா நகரின் வடபுறத்தில் அகழி வெட்டி எதிரிகளின் குதிரைப்படையைத் தடுத்தார்கள். பாரசீகரான சல்மான் சொன்ன யோசனை என்று இஸ்லாமிய மரபு சொல்கிறது. அந்தப் போருக்கே அகழிப் போர் என்றுதான் பெயர். அந்தச் சொல், தக்காண சுல்தான்களின் படைகளோடு தெற்கே இறங்கி, ஆடு மேய்க்கும் பெரியவரின் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது.

என் நோட்டில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. நான் எழுதிய 'கிடங்கு' என்ற சொல்லுக்குச் சங்கத் தமிழில் அகழி என்றுதான் பொருள். தெரியாமலே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இன்று ஓசூரைச் சுற்றிக் கிடங்குகளுக்குக் குறைவில்லை. எல்லாம் தகரக் கூரை போட்டவை.

போன இதழ்வரை நாம் மலைமேல் இருந்தோம். பாராமகாலின் பன்னிரண்டு துர்க்கங்கள், சுனைகள், பாறையில் வெட்டிய படிகள், சையத் பாஷா மலையின் உச்சி. வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் மலைக்கோட்டைதான் பிடிக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் மலைக்கோட்டையில் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர்? கோட்டைத் தலைவரான கில்லேதாரும் அவர் ஆட்களும், சில குதிரைகளும், கைதிகளும். நெசவாளியும் எண்ணெய் ஆட்டுபவரும் குயவரும் வியாபாரியும் மாடுகளும் இருந்தது கீழே. அவர்களைக் காத்தது கல் இல்லை, மண்தான்.

* * *

கோட்டை, பேட்டை என்ற இரட்டைச் சொல்லை இந்தச் சீமையில் எங்கே போனாலும் கேட்கலாம். கோட்டை அரசனுடையது, பேட்டை ஊருடையது. கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில் பழையபேட்டை, ஓசூர் மலைக்கோயிலின் அடியில் தேர்ப்பேட்டை, எல்லை தாண்டினால் பெங்களூரின் பேட்டைகள் வரிசையாக. ஒவ்வொரு பேட்டைக்கும் தனியாக ஒரு காப்பு இருந்தது: வெளியே முள்வேலி, அடுத்து பள்ளம், உள்ளே மண்மேடு. வசதியுள்ள ஊரில் மேட்டுக்கு மேல் மண்சுவரும் கொத்தளங்களும் இருக்கும். வசதியில்லாத ஊரில் முள் மட்டும்.

முள் மட்டும் இருந்த காலத்தைப் பார்க்க வேண்டுமானால் நடுகற்களிடம் போக வேண்டும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வயல்வரப்புகளிலும் நிற்கும் இந்தக் கற்களில் பெரும்பாலானவை ஒரே கதையைச் சொல்கின்றன: ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், துரத்திப் போய் மீட்டு இவன் செத்தான். தமிழ்க் கல்லில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர், கன்னடக் கல்லில் 'துறு'. கன்னடக் கற்களில் 'ஊரளிவு' என்றே ஒரு வகை உண்டு, ஊர் அழிந்தபோது செத்தவனுக்கு நட்டது. கங்கர், நுளம்பர், பாணர், சோழர் என்று அரசுகள் முட்டிக்கொண்ட எல்லை நிலத்தில், பெரிய போர் நடக்காத ஆண்டிலும் ஊரழிவு நடந்தது. மலைமேல் ஒரு கோட்டை இருந்திருந்தாலும் மாட்டை அங்கே ஏற்ற முடியாது. மாட்டைக் காக்க ஊரைச் சுற்றிப் பள்ளம் வேண்டும். தாண்டிக் குதித்துத் தப்ப மாடு குதிரை இல்லை. ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு வாசல் ஒன்றுதான் வழி. வாசலில் நான்கு பேர் வேலோடு நின்றால் போதும்.

இந்த ஏற்பாடு புதிதில்லை. சங்கப் பாட்டுகளில் மிளை என்ற காவற்காடும் கிடங்கும் இஞ்சியும் இந்த வரிசையிலேயே வருகின்றன. உழிஞை சூடியவன் வெளியே, நொச்சி சூடியவன் உள்ளே. நொச்சி இன்றும் ஓடைக்கரையில் வேலிபோல் வளரும் செடி; அரணைக் காப்பவன் அதைச் சூடியதில் ஒரு குறும்பான பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றும். வள்ளுவர் அரண் அதிகாரத்தில் நீர், மண், மலை, காடு என்று நான்கையும் வைக்கிறார். அங்கே வரும் மண்ணுக்குப் பரிமேலழகர் சொன்ன பொருள் வெள்ளிடை நிலம், அதாவது ஒளிய இடமில்லாத வெட்டவெளி. அர்த்தசாஸ்திரம் இன்னும் கறாரானது. அகழியில் எடுத்த மண்ணைக் குவித்து, யானைகளையும் எருதுகளையும் விட்டு மிதிக்கச் செய்து இறுக்கி, மேலே முட்செடியும் நச்சுக்கொடியும் வளர்க்கச் சொல்கிறது. நம் சிற்றூர்களுக்கு யானை ஏது? ஏரிக்கரை போட்ட அதே கைகள், அதே கூடை, அதே மிதிதான்.

* * *

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கு, ஆவணம் எதுவுமில்லை. சுற்றளவு ஒரு கிலோமீட்டர் வருகிற சிறிய பேட்டை. அகழி மேலே 8 மீட்டர் அகலம், அடியில் 4 மீட்டர், ஆழம் 3 மீட்டர். மொத்தம் 18,000 கன மீட்டர் மண். ஓர் ஆள் வெட்டி, ஓர் ஆள் கூடையில் சுமந்து கொட்ட, சராசரியாகத் தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கன மீட்டர் என்று வைத்தால் 12,000 ஆள்-நாள். இருநூறு பேர் இறங்கினால் அறுபது நாள். தை மாதத்தில் ராகி களத்துக்கு வந்து முடிந்ததும் தொடங்கி, சித்திரை மழைக்கு முன் முடித்துவிடலாம். ஊர் கூடினால் ஆகிற காரியம். கல்கோட்டை அப்படி ஆகாது. கல்தச்சர் வேண்டும், வண்டி வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காசு வேண்டும்.

மண்ணுக்கு ஒரு குறை. மழை அதற்குப் பகைவன். ஐப்பசியில் அரிக்கும்; அரித்ததைத் தையில் ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் ஊரார் வெட்டிவேலை செய்தார்கள். விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப்பட்டியல்களில் கோட்டைக்கென்றே தனியாக ஒரு மகமை வந்து நிற்கிறது. அரசு மாறிப் பராமரிப்பு நின்ற பத்தே ஆண்டில் மேடு சரிந்து அகழியை நிரப்பத் தொடங்கிவிடும். அதனால்தான் இன்று நமக்குக் கோட்டை தெரிவதில்லை. ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம், அவ்வளவுதான்.

ஆனால் பீரங்கி வந்த பிறகு மண்ணின் மதிப்பு ஏறியது. கற்சுவரில் பட்ட குண்டு சுவரை நொறுக்கிக் கற்சிதறலை உள்ளே வீசும். மண்மேட்டில் பட்ட குண்டு புதைந்துவிடும். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டு முழுவதும் உயரமான கல்மதில்களை விட்டுத் தாழ்வான, தடித்த மண்மேடுகளுக்கு மாறியது இதனால்தான். நம் ஊர் ஏழைக்கோட்டை, தெரியாமலே காலத்துக்கு முன்னால் நின்றிருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

* * *

இந்தச் சீமையில் மண்காப்போடு கூடிய ஒரு பேட்டையை நாம் மிக நன்றாக அறிந்திருக்கிறோம் என்றால் அது ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. 1537ல் கெம்பே கௌடா எழுப்பிய பெங்களூர் மண்கோட்டை நகரம். பேட்டைக்குத் திசைக்கொரு வாசல். தெற்கே போனால் ஆனேக்கல் வாசல். தெற்கே இருந்த அரசனின் கோட்டையை 1761ல் ஐதர் அலி கல்லால் மாற்றினார். பேட்டையின் காப்பு மட்டும் மண்ணாகவே இருந்தது.

1791 மார்ச் 7ஆம் தேதி, திப்புவோடு நடந்த போரில், ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை அந்தப் பேட்டையைத் தாக்கியது. அப்போதைய படை அதிகாரிகள் எழுதிவைத்த வருணனை நமக்குப் பொன்: மேடு சுமார்தான், ஆனால் அகழி அருமையானது, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நூறு கஜ அகலத்துக்கு ஊடுருவ முடியாதபடி முள் வளர்ந்து நின்றது. நூறு கஜம்! இன்று பெங்களூரில் நூறு கஜ அகல முள்காட்டை விற்றால் என்ன விலை போகும் என்று நினைத்துப் பாருங்கள். வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது. அந்த வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் செத்து விழுந்ததை ராபர்ட் ஹோம் ஓவியமாகத் தீட்டினார். கோட்டை விழுந்தது இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 இரவில்.

அந்த முள் என்ன முள்? எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். 18ஆம் நூற்றாண்டு வேலி என்றதும் நம் கண்ணில் வருவது சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும். இரண்டும் அமெரிக்காவின் பிள்ளைகள். போர்த்துகீசியர் கடலில் வந்த பிறகே இங்கே வேர்விட்டவை. அதற்கு முந்திய ஊர்வேலியில் சதுரக்கள்ளி, இண்டு, சூரை, காரை, மூங்கில் இருந்திருக்கும். ஆக, ஒரு கோட்டைமேட்டில் இன்று சப்பாத்திக்கள்ளி அடர்ந்திருந்தால் அது பழமைக்குச் சான்று ஆகாது. இதைத் தெரியாமல் ஒரு காலத்தில் நானும் 'பழங்கால முள்ளரண்' என்று எழுதியிருக்கிறேன். இப்போது திருத்திக்கொள்கிறேன்.

* * *

பேட்டையைக் காட்டிலும் பழைய கதை ஒன்று வேப்பனப்பள்ளிப் பக்கம் கிடக்கிறது. கதையின் தொடக்கம் இங்கே இல்லை, சேந்தமங்கலத்தில். 1231ல் காடவர் கோப்பெருஞ்சிங்கன் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனைப் பிடித்து அங்கே சிறைவைத்தான். சோழனை மீட்க வந்தவர்கள் போசளர்கள். இரண்டாம் நரசிம்மனின் தண்டநாயகர்கள் வழியெல்லாம் ஊர்களை அழித்துக்கொண்டு வந்ததைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் போசள அரசன் சோமேசுவரன் தலைநகர் அமைத்தான். 1254ல் நாடு அவனுடைய இரண்டு மகன்களுக்கும் பிரிந்தது. துவாரசமுத்திரம் மூன்றாம் நரசிம்மனுக்கு, தமிழ்ப்பகுதி வீரராமநாதனுக்கு. 1279ல் மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் தோற்ற ராமநாதன் மேட்டுக்கு ஏறி வந்தான். அவன் வந்து அமர்ந்த தலைநகர் குந்தாணி. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சின்னகொத்தூர் வட்டாரம்.

குந்தாணி என்றால் தமிழில் நெல் குத்தும்போது சிதறாமலிருக்க உரல்மேல் வைக்கும் வளையம். பருமனான ஆளைக் கேலி செய்யவும் அந்தச் சொல்லை எடுப்பார்கள். கேலி இருக்கட்டும். தோற்ற அரசன் ஏன் இங்கே வந்தான்? வரைபடத்தைப் பாருங்கள். ஓசூர் மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். கிருஷ்ணகிரிச் சமவெளி அதற்கு நானூறு மீட்டர் கீழே. நடுவில் கணவாய்கள். மேட்டின் விளிம்பில் உட்கார்ந்தவன் கீழே தமிழ்நாட்டையும் பார்க்கலாம், பின்னால் அண்ணனின் ராச்சியத்தையும் உரசிக்கொண்டிருக்கலாம். அவன் இரண்டையும் செய்தான். 1295 வாக்கில் அவன் மறைந்து, மகன் விசுவநாதனும் போன பிறகு, மூன்றாம் வல்லாளன் இரண்டு ராச்சியத்தையும் ஒன்றாக்கினான். குந்தாணி தலைநகர் என்ற பெயரை இழந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுத் தலைநகர். இத்தகைய இடங்கள் தொல்லியலுக்கு வரப்பிரசாதம். ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ஊரில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைக் கிளறிப் போட்டிருக்கும். குறுகிய காலம் வாழ்ந்து அடங்கிய ஊரில் அடுக்கு கலையாது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட மண்ணைத் தோண்டாமல் இல்லை. சேந்தமங்கலத்தில் தோண்டியிருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கோட்டை, மாளிகைமேடு என்ற ஊர்ப்பெயர்களையே வழிகாட்டியாகக் கொண்டு தோண்டினார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தோண்டியிருக்கிறார்கள்: மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022ல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது, 2024ல் சென்னானூர். மாவட்டத்தில் தோண்டிய இந்த இரண்டும் மிகப் பழைய காலம். நாலாயிரம் ஆண்டு என்றால் நமக்கு ஒரு சிலிர்ப்பு வருகிறது. எழுநூறு ஆண்டு என்றால் கொட்டாவி வருகிறது. இது என் புகார். தொல்லியலாளர்களிடம் இல்லை; வாசகர்களாகிய நம்மிடம்.

* * *

சரி, மண்மேட்டை எப்படிப் படிப்பது?

ஓர் ஏரிக்கரையும் கோட்டைமேடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மேட்டைக் குறுக்கே வெட்டினால்தான் வேறுபாடு தெரியும். வெட்டும்போது முதலில் கவனிக்க வேண்டியது அடுக்குகளின் தலைகீழ். அகழி வெட்டுகிறவன் முதலில் மேல்மண்ணை எடுப்பான். அது மேட்டின் அடியில் போய் விழும். பிறகு செம்மண். கடைசியாக, அகழியின் அடியில் தட்டுப்படும் மொரம்பு. அது மேட்டின் உச்சியில் ஏறி உட்காரும். ஆக மேடு என்பது அகழியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. உச்சியில் மொரம்பும் அடியில் கறுத்த மேல்மண்ணும் இருந்தால், பக்கத்தில் அகழி வெட்டியே இந்த மேடு எழுந்தது என்று துணிந்து சொல்லலாம்.

மேட்டுக்கு அடியில், அது எழும்பும் முன் தரையாக இருந்த பழைய மண் மெல்லிய கறுப்புக் கோடாக ஓடும். அந்தக் கோட்டில் கிடக்கும் பானையோடு, காசு, கரித்துண்டு எல்லாமே மேட்டுக்கு மூத்தவை. மேடு அவற்றுக்கு இளையது, அதுமட்டும் உறுதி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேட்டுக்குள்ளே கறுப்பு-சிவப்புப் பானையோடு கிடைத்ததும் 'இரண்டாயிரம் ஆண்டுக் கோட்டை' என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். பழைய ஊரிருக்கை மண்ணை வாரிக் கொட்டியிருந்தால் பழைய ஓடு வரத்தானே செய்யும்? நேற்று கொட்டிய மேட்டிலும் வரும்.

அகழி இதற்கு நேர்மாறு. அதில் நிரம்பியிருப்பது எல்லாம் அகழிக்குப் பிந்தியது. அடியில் முதல் சில மழைகள் கொண்டுவந்த பருமணலும் சரளையும், அதன்மேல் தேங்கிய நீரில் படிந்த மெல்லிய வண்டல், மேலே ஊர்க்குப்பை. நடுவில் திடீரென்று வண்டல் அறுந்து புதிய சரிவு தெரிந்தால் யாரோ தூர்வாரியிருக்கிறார்கள் என்று பொருள்; ஏதோ ஒரு படை வருகிறது என்ற செய்தி ஊருக்கு எட்டியிருக்கிறது. மணலில் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று அளக்கிற முறையும் இப்போது உண்டு. மண்ணின் படிகத்துக்குள் சேர்ந்துகொண்டே போகும் கதிர்வீச்சின் அளவை ஒளியூட்டி எண்ணுகிறார்கள். காசு, கல்வெட்டு, கரித்துண்டு எதுவும் இல்லாத வெறும் மண்கோட்டைக்கு இதைவிட நல்ல நாள்காட்டி கிடையாது.

ஒடிசாவின் சிசுபால்கட்டில் 1948ல் பி. பி. லால் மண்மதிலை இப்படிக் குறுக்கே வெட்டினார். அடியில் நூறு அடிக்கும் மேல் அகலமான களிமண் மேடு, பிறகு அதன்மேல் செம்பாறைச் சரளை, பிறகு செங்கல் என்று கட்டம் கட்டமாக வளர்ந்தது தெரிந்தது. ஒரு நகரம் பயந்ததும் பணக்காரனானதும் அந்த வெட்டு முகத்தில் வரிவரியாக நின்றன.

மேட்டுக்கு உள்ளே, ஊர்ப்பக்கம் தோண்டினால் இந்தச் சீமைக்கே உரிய ஒன்று கிடைக்கலாம். ராகிக் குழி. கன்னடத்தில் 'ஹகேவு'. குடுவை போல் வாய் குறுகி வயிறு அகன்ற குழி. வைக்கோல் பரப்பி ராகியைக் கொட்டி வாயை மூடிவிட்டால் பல ஆண்டுகள் கெடாது. நெல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெளியே முற்றுகையிட்ட படை தீவனமில்லாமல் தவிக்கும். உள்ளே களி கிண்டிக்கொண்டிருப்பார்கள். அகழியையும் மேட்டையும் எழுதியவர்கள் யாரும் இந்தக் குழியைச் சேர்த்து எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் இதுவும் அரணின் ஓர் உறுப்புதான்.

புதையல்காரர்கள் இந்தக் குழிகளைத்தான் பொன் இருக்கும் இடம் என்று நம்புகிறார்கள். நிலாவில்லாத இரவில் கடப்பாரையோடு வருகிறார்கள். தோண்டியதும் ராகி உமிதான் வருகிறது, அதற்குள் அடுக்கு நாசம். ஊர்ப்பெயரை நான் சொல்லாததன் காரணம் இதுதான்.

* * *

ஓசூருக்கே வருவோம். கல்வெட்டுகளில் முரசு நாட்டுச் செவிடபாடி. கன்னடம் பேசிய ஆட்சியில் ஹொச ஊரு, புது ஊர். 1791 ஜூலை 15ஆம் தேதி பெங்களூரிலிருந்து கிளம்பிய கார்ன்வாலிஸுக்கு முதல் தேவையே ஓசூர்தான். கீழ்நாட்டிலிருந்து தானிய வண்டிகளும் லம்பாடிகளின் பொதிமாடுகளும் கணவாய் ஏறி வர வழி திறக்க வேண்டும். ஓசூர்க் கோட்டைக் காவலர்கள் நின்று போரிடாமல் விட்டுப் போனார்கள். திப்பு அதை வலுப்படுத்த முனைந்திருந்தார். ஹாமில்டன் என்ற ஆங்கிலேயக் கைதியைக் கொண்டு அந்த வேலை நடந்ததென்றும், படை நெருங்கியபோது அவர் கொல்லப்பட்டாரென்றும் சேலம் மாவட்டத்தின் பழைய கையேடுகள் சொல்கின்றன. அடுத்து ராயக்கோட்டை அதே மாதம் விழுந்தது.

நவம்பரில் கிருஷ்ணகிரி. கர்னல் மேக்ஸ்வெல்லின் ஆட்கள் பேட்டைக்குள்ளும் கீழ்க்கோட்டைக்குள்ளும் புகுந்து, ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டே மலைவாசல்வரை ஏறிவிட்டார்கள். மேலிருந்து பாறைகள் உருண்டன. ஏணி தூக்கியவர்கள் நசுங்கினார்கள். மலைக்கோட்டை பணியவில்லை. இதைக் கிருஷ்ணகிரியின் வீரம் என்று இன்றும் பெருமையாகச் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் மேக்ஸ்வெல் இறங்கிப் போகும்போது பழையபேட்டையை என்ன பாடுபடுத்திவிட்டுப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே கொடி பறந்துகொண்டிருந்தது, கீழே ஊர் பாழ். 1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அந்த மலையும் எந்தக் குண்டுமில்லாமல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ஓசூர் மேடு மட்டும் திப்புவுக்கே திரும்பி, 1799வரை அவரிடம் இருந்தது.

கம்பெனி வந்ததும் மண்கோட்டைகளுக்கு வேலை போயிற்று. கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்தார்கள். மேடு புறம்போக்கு ஆனது, அகழி ஏரிக்கு வாய்க்கால் ஆனது அல்லது யாருடைய வயலோ ஆனது. சில இடங்களில் பெயர் மட்டும் மிஞ்சி உருமாறியது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மகாராஜகடையில் கடை எதையும் தேட வேண்டாம். அது மகாராஜகட், 'கட்' என்றால் கோட்டை. ஓசூரில் இராமநாயக்கன் ஏரி ஓரம் கோட்டை மாரியம்மன் இருக்கிறாள். கோட்டை எங்கே என்று கேட்டால் ஏரியைக் காட்டுகிறார்கள். தவறில்லை, ஒரு பக்கம் ஏரியையே அகழியாகக் கொள்வது இந்தச் சீமையின் பழைய சிக்கனம்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ராயக்கோட்டைத் துர்க்கமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. சட்டப்படி சுற்றிலும் நூறு மீட்டருக்கு எதுவும் கட்டக் கூடாது. மண்மேட்டுக்கு அந்த நூறு மீட்டர் கிடையாது, சொந்த மேனியே கிடையாது. 1970களில் சிப்காட் வந்தது. தொழிற்சாலைகள் வந்தன, நாற்கரச் சாலை வந்தது, 2019ல் ஓசூர் மாநகராட்சியும் ஆனது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கொட்ட மண் வேண்டும். மொரம்பு ஏற்கெனவே வெட்டி, உலர்ந்து, குவித்து, சாலையோரத்தில் நிற்கிறது என்றால் டிப்பர்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கண்ணுக்கு அது மண். அது வேறு ஏதோ என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இழந்ததைப் பார்க்க ஒரு வழி மிச்சமிருக்கிறது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா கொரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்கள் விட்டு ஊர் ஊராகப் படமெடுத்தது. 1995ல் அந்தப் படங்களைப் பொதுவில் வைத்தார்கள். மேற்காசியாவின் புதைந்த நகரங்களையும் அகழிகளையும் ஆய்வாளர்கள் அவற்றில்தான் தேடிக் கண்டெடுத்தார்கள். சிப்காட்டுக்கு முந்திய நிலத்தைத் தேடுகிற எவருக்கும் முதலில் புரட்ட வேண்டிய ஆல்பம் அது.

வானிலிருந்து அகழியைக் காணும் கலைக்கு நூறு வயது. முதல் உலகப் போரில் விமானத்தில் பறந்து வேவு பார்த்த கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர், போர் முடிந்ததும் தன் நாட்டு வயல்களை அதே கண்ணோடு பார்த்தார். தூர்ந்துபோன அகழியில் மண் ஆழம், ஈரம் அதிகம். அதன்மேல் பயிர் மற்ற இடத்தைவிடப் பசுமையாக, உயரமாக வரும். தரையில் நிற்பவனுக்குத் தெரியாதது மேலே போனால் கோடாகத் தெரியும் என்றார். 1928ல் அந்தப் படங்களைப் புத்தகமாகவே போட்டார்.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம், ஆடுகள் மேட்டிலிருந்து இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பள்ளத்து ராகியின் நடுவே, வளைந்து ஊரைச் சுற்றிப் போகும் ஒரு கரும்பச்சைக் கோட்டைக் கோலால் காட்டினார்.

"அதுக்கு ஏரோபிளேன் எதுக்கு சார்? எங்கப்பா காலத்துலருந்து அந்த வரியில மட்டும் ராகி ஒரு சாண் உசரமாதான் வருது."